மைதானத்துக்குள் ஒரு ரேடியோ

கிரிக்கெட் பார்க்க மைதானத்துக்கே போய்விட்டவருக்கு ரேடியோ எதற்கு? வீட்டில் இருப்பவர் கேட்டால் நியாயம். டிக்கெட் வாங்கி, வெயிலில் உட்கார்ந்து, கண்ணெதிரே ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போது காதில் ஒரு பெட்டியை ஒட்டவைத்துக்கொள்வானேன்?

கேலரியில் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு இதற்குப் பதில் தெரியும். அங்கிருந்து வெள்ளை உடையில் ஆட்கள் தெரிவார்கள், பந்து தெரியாது. நடுவர் விரலைத் தூக்கிவிட்டார். எதற்கு? எல்.பி.டபிள்யூவா, பின்னால் கேட்சா? பக்கத்தில் இருப்பவருக்கும் தெரியாது. நாலு வரிசை தள்ளி டிரான்சிஸ்டரைக் காதில் வைத்திருக்கிறாரே, அவருக்குத் தெரியும். அவர் ஒருவரிடம் சொல்ல, அவர் இன்னொருவரிடம் சொல்ல, அரை நிமிடத்தில் மொத்த கேலரிக்கும் விஷயம் போய்ச் சேர்ந்துவிடும். ஒரு காலத்தில் சேப்பாக்கத்திலும், பம்பாயிலும், கல்கத்தாவிலும் இப்படித்தான் டெஸ்ட் மேட்ச் பார்த்தார்கள்.

இந்தக் கருவி மைதானத்துக்குள் எப்படி வந்தது, வந்து என்ன செய்தது, அமெரிக்காவில் இதன் அடுத்த தலைமுறையாக வந்த ஸ்கேனர் ஏன் இந்தப் பக்கம் வரவே இல்லை என்பதுதான் இந்தக் கட்டுரையின் விஷயம்.

முதலில் ரேடியோ மைதானத்துக்கு வெளியேதான் இருந்தது. சென்னையில் 1924ஆம் ஆண்டு சென்னை மாகாண ரேடியோ கிளப் ஒலிபரப்பைத் தொடங்கியது. சி.வி. கிருஷ்ணசாமி செட்டியின் முயற்சி அது. பணம் இல்லாமல் 1927இல் நின்றுபோக, அதன் கருவிகள் சென்னை மாநகராட்சிக்குப் போயின. 1930இல் மாநகராட்சியே ஒலிபரப்பைத் தொடங்கியது. வீட்டில் ரேடியோ வைத்திருந்தவர்கள் சொற்பம் என்பதால் கடற்கரையிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கி கட்டிப் பாட்டுப் போட்டார்கள். 1934 பிப்ரவரியில் சேப்பாக்கத்தில் முதல் டெஸ்ட் போட்டி நடந்தபோது சென்னையில் இருந்த ரேடியோ இவ்வளவுதான். அதே 1934இல்தான் பம்பாய் குவாட்ராங்குலர் போட்டியை ஏ.எஃப்.எஸ். தல்யார்கான் மைக் முன்னால் உட்கார்ந்து நேரடியாக வர்ணித்தார். இந்தியாவில் கிரிக்கெட் வர்ணனையின் தொடக்கம் என்று அதைத்தான் சொல்கிறார்கள். நாள் முழுக்க அவர் ஒருவரே பேசுவாராம், மைக்கை வேறு யாரோடும் பகிர்ந்துகொள்ள மாட்டாராம்!

அந்தக் குரல் மைதானத்தில் இருந்தவர்களுக்குக் கேட்டிருக்க வாய்ப்பே இல்லை. அன்றைய ரேடியோ ஒரு மரப்பெட்டி. உள்ளே கண்ணாடி வால்வுகள் சூடேறிச் சிவக்க வேண்டும், மின்சாரமோ கனமான பேட்டரியோ வேண்டும், கூரைமேல் ஏரியல் கம்பி கட்ட வேண்டும். அதைத் தூக்கிக்கொண்டு யார் மைதானத்துக்குப் போவது?

1947 டிசம்பரில் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் டிரான்சிஸ்டர் பிறந்தது. அதைக் கண்டுபிடித்த பார்டீன், பிராட்டைன், ஷாக்லி மூவருக்கும் 1956இல் நோபல் பரிசு கிடைத்தது. முதல் டிரான்சிஸ்டர் ரேடியோவான ரீஜென்சி டிஆர்-1 கடைக்கு வந்தது 1954 கடைசியில். உள்ளே 4 டிரான்சிஸ்டர்கள். விலை 49.95 டாலர். அப்போது டாலருக்குச் சுமார் 4.76 ரூபாய் என்பதால் கணக்குப் போட்டால் 238 ரூபாய் வருகிறது. சுங்க வரியெல்லாம் தனி. அடுத்த வருடமே ஜப்பானில் சோனி (அப்போது வேறு பெயர்) தன் டிரான்சிஸ்டர் ரேடியோவைக் கொண்டுவந்தது. விலை இறங்கத் தொடங்கியது அதற்கப்புறம்தான். 1960களில் மர்ஃபி, புஷ், பிலிப்ஸ் என்று பல பெயர்களில் இந்தியக் கடைகளிலும் டிரான்சிஸ்டர் கிடைத்தது. ஓட்டை போட்ட தோல் உறை, தோளில் மாட்ட வார், எவரெடி பேட்டரி. ரேடியோ என்ற சொல்லே பின்னுக்குப் போய், "டிரான்சிஸ்டர்" என்றால் கையில் எடுத்துப்போகும் பெட்டி என்று ஆகிவிட்டது.

பெட்டியை வாங்கினால் மட்டும் போதாது, லைசென்ஸும் வேண்டும். இன்றைய பிள்ளைகளிடம் சொன்னால் சிரிப்பார்கள். தபால் ஆபீசுக்குப் போய் வருடத்துக்கு 15 ரூபாய் கட்டி, சின்னப் புத்தகத்தில் முத்திரை வாங்கிக்கொள்ள வேண்டும். 1980களின் நடுவில்தான் இது முழுசாக ஒழிந்தது.

சங்கரன்கோவில் மாதிரி ஓர் ஊரிலிருந்து பார்த்தால் இதெல்லாம் இன்னும் தாமதமாக நடந்த கதை. அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் 1938இல் வந்தது, திருச்சி நிலையம் 1939இல். இரண்டும் தூரம். சுமார் 55 கிலோமீட்டரில் இருக்கும் திருநெல்வேலியில் நிலையம் வந்தது 1963இல்தான். அதுவரைக்கும், ஏன் அதற்கப்புறமும்கூட, தென்மாவட்டங்களில் பகலெல்லாம் ஓடியது இலங்கை வானொலி. ஊர்களில் பஞ்சாயத்து ரேடியோ இருந்தது. சாயங்காலம் ஆனால் செய்தியும் வேளாண் நிகழ்ச்சியும் ஒலிபெருக்கியில் கேட்கும். சேப்பாக்கம் இங்கிருந்து ரயிலில் 600 கிலோமீட்டருக்கு மேல். டெஸ்ட் மேட்சை நேரில் பார்ப்பது பெரும்பாலானவர்களுக்கு நடக்காத காரியம். டீக்கடை வாசலில் ஒரு ரேடியோ, அதைச் சுற்றிப் பத்துப் பேர், அதுதான் அவர்களுக்கு மைதானம்.

வர்ணனை வந்ததோ இங்கிலீஷிலும் இந்தியிலும். இங்கிலீஷில் வர்ணித்தவர்களில் ஒரு சென்னைக்காரரும் உண்டு. 1954-55 பருவத்தில் சென்னை அணி முதல்முறையாக ரஞ்சிக் கோப்பையை வென்றபோது கேப்டனாக இருந்த பாலு அழகண்ணன்தான் அவர். தமிழில் வர்ணனை வந்தபோது, திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்த சாத்தான்குளம் அப்துல் ஜப்பாரின் குரல் ரொம்பப் பிரபலம். 2020இல் அவர் காலமானார். "ஸ்டம்ப்", "ஸ்லிப்" எல்லாம் புரியாத கிழவர்கள்கூட ஆட்டத்தைக் கேட்க உட்கார்ந்தது தமிழ் வர்ணனை வந்த பிறகுதான் என்பது மிகையில்லை.

சரி, மைதானத்துக்கு வருவோம்.

1969 நவம்பர். பம்பாய் பிராபோர்ன் ஸ்டேடியம். பில் லாரியின் ஆஸ்திரேலிய அணியோடு முதல் டெஸ்ட். நாலாம் நாள் இந்தியாவின் இரண்டாவது இன்னிங்ஸ் சரிந்துகொண்டிருக்கிறது. ஒரு முனையில் அஜித் வடேகர். மறுமுனையில் சென்னைப் பையன் வெங்கட்ராகவன், வயது 24. அலன் கானலி வீசிய பந்து விக்கெட் கீப்பர் டேபரின் கைக்குப் போகிறது, அப்பீல், நடுவர் ஷாம்பு பான் அவுட் கொடுத்துவிடுகிறார். வெங்கட் வெளியே நடக்கிறார்.

கேலரியில் இருந்தவர்களுக்குப் பந்து மட்டையில் பட்டதா என்று தெரிந்திருக்க முடியாது. அவ்வளவு தூரத்தில் யாருக்கும் தெரியாது. ஆனால் ஆயிரக்கணக்கான டிரான்சிஸ்டர்கள் அங்கே இருந்தன. வானொலியில் பேசிக்கொண்டிருந்த தேவராஜ் பூரி அந்த முடிவு சரியில்லை என்கிற மாதிரி சொல்லிவிட்டார் என்றும், அது அப்படியே கேலரிக்குள் பரவியது என்றும் அந்தப் போட்டியைப் பற்றி எழுதியவர்கள் பலரும் சொல்கிறார்கள். முதலில் கூச்சல். பிறகு பாட்டில்கள். பிறகு நாற்காலிகள் உடைந்து, தீ வைக்கப்பட்டு, மைதானத்துக்குள் புகை வந்தது. அந்தப் புகைக்கு நடுவிலும் லாரி ஆட்டத்தைத் தொடர வேண்டும் என்று நின்றார். கடைசியில் ஆஸ்திரேலியா 8 விக்கெட்டில் ஜெயித்தது.

இதில் யோசிக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. அதே கூட்டம், அதே தோல்வி, அதே நடுவர். ரேடியோ இல்லாத 1934இல் இது நடந்திருந்தால் ஜனங்கள் முணுமுணுத்துவிட்டுப் போயிருப்பார்கள். வர்ணனையாளர் ஊருக்குப் பேசுவதாக நினைத்துக்கொண்டு பேசுகிறார். ஆனால் ஆட்டம் நடக்கும் இடத்திலேயே அது திரும்பி வந்து இறங்குகிறது. கேட்பவர்கள் கையெட்டும் தூரத்தில் நடுவர் நிற்கிறார். பழியை முழுக்க ரேடியோ மேலோ பூரி மேலோ போடுவது சரியாகாது. அன்றைக்குத் தோல்வியின் எரிச்சலும் இருந்தது, ஸ்டேடியத்துக்குள் நெரிசலும் இருந்தது. ஆனாலும் மைதானத்துக்குள் கேட்கும் குரலுக்கு இருக்கும் பலத்தை இந்திய கிரிக்கெட் அன்றைக்குத்தான் பார்த்தது.

இவ்வளவு நேரம் பேசியது எல்லோருக்கும் என்று ஒலிபரப்பாகிற குரலைப் பற்றி. எல்லோருக்கும் இல்லாத குரலும் மைதானத்தில் உண்டு. போலீஸ் பேசிக்கொள்வது, நடுவர்கள் பேசிக்கொள்வது, கார் பந்தயத்தில் டிரைவரும் அவருடைய குழுவும் பேசிக்கொள்வது. இதைக் கேட்கும் கருவிதான் ஸ்கேனர்.

பார்க்க வாக்கி-டாக்கி மாதிரி இருக்கும். ஆனால் அதில் பேச முடியாது, கேட்க மட்டும்தான் முடியும். சாதாரண ரேடியோவில் ஒரு ஸ்டேஷனை வைத்துவிட்டு உட்கார்ந்திருப்போம். ஸ்கேனர் ஒரு அலைவரிசையில் பேச்சு இல்லையென்றால் அடுத்ததற்குத் தாவும், அங்கேயும் இல்லையென்றால் அதற்கடுத்தது. எங்கே பேச்சு கேட்கிறதோ அங்கே நிற்கும். ஆரம்ப கால ஸ்கேனர்களில் ஒவ்வொரு அலைவரிசைக்கும் தனியாக ஒரு படிகம் வாங்கிச் செருக வேண்டும். 1970களின் பிற்பகுதியில் பட்டனைத் தட்டி அலைவரிசை எண்ணைப் பதிவு செய்கிற மாதிரி வந்தபோதுதான் இது சாதாரண ரசிகர்களின் கைக்குப் போனது. "பேர்கேட்" என்ற பெயர் அந்த வட்டாரத்தில் மர்ஃபி மாதிரி. பின்னால் அதை யூனிடன் கம்பெனி வாங்கிக்கொண்டது.

அமெரிக்காவில் நாஸ்கார் கார் பந்தயம் பார்க்கப் போகிறவர்கள் பலர் கையில் இது இருக்கும். நாற்பது கார்கள் வட்டமாகச் சுற்றுகின்றன. ரசிகருக்குப் பிடித்த டிரைவர் திடீரென்று வேகத்தைக் குறைக்கிறார். டயரா, பெட்ரோலா, கோபமா? கேலரியில் இருந்து தெரியாது. ஸ்கேனரில் அந்த டிரைவரின் எண்ணைத் தட்டினால் அவர் தன் குழுவிடம் புலம்புவது அப்படியே கேட்கும். அங்கே மேலே ஓர் உயரத்தில் "ஸ்பாட்டர்" என்று ஒருவர் நிற்பார். பக்கத்தில் கார் வருகிறது, இப்போது ஒதுங்கலாம் என்று டிரைவரின் காதில் சொல்லிக்கொண்டே இருப்பார். அதையும் கேட்கலாம். இவ்வளவும் மறைவாக இல்லை. பந்தய மைதானத்திலேயே கருவியை வாடகைக்குக் கொடுக்கிறார்கள், அந்த வாரத்து அலைவரிசைப் பட்டியலை அச்சடித்து விற்கிறார்கள். ஒட்டுக்கேட்பதையே ஒரு வியாபாரமாக்கிவிட்டார்கள்!

இந்த உலகத்துக்குள் ஒரு கோயம்புத்தூர்க்காரரும் போயிருக்கிறார். 2005இல் ஜோர்டான் அணிக்காக ஃபார்முலா ஒன் ஓட்டி, அதில் நுழைந்த முதல் இந்தியர் ஆன நரேன் கார்த்திகேயன், 2010இல் நாஸ்காரின் டிரக் பந்தயத் தொடரில் ஓட்டினார். மார்ட்டின்ஸ்வில்லில் நடந்த முதல் பந்தயத்தில் 13ஆவது இடம். அந்த வருடம் அந்தத் தொடரின் மிகப் பிரபலமான டிரைவராக ரசிகர்கள் அவரைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். சோழவரம் ஓடுபாதையிலும் பிறகு இருங்காட்டுக்கோட்டையிலும் பல வருடங்களாகப் பந்தயம் நடந்தும், டிரைவர் பேசுவதைக் கேலரியில் உட்கார்ந்து கேட்கும் வழக்கம் இந்தப் பக்கம் வரவில்லை என்பதை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ஸ்கேனர் வாங்குகிற அமெரிக்க ரசிகர் எதைப் பார்ப்பார்? பந்தயக் குழுக்கள் பெரும்பாலும் 450 முதல் 470 மெகாஹெர்ட்ஸ் வரைக்குள் பேசுகின்றன, அந்தப் பகுதி கருவியில் இருக்கிறதா என்பது முதல் கேள்வி. இரண்டாவது, அலைவரிசைகளைத் தனித்தனிக் கட்டுகளாகப் பிரித்துவைக்க முடிகிறதா. நாற்பது டிரைவர்களையும் ஒரே கட்டில் போட்டால் யார் பேசுகிறார்கள் என்றே தெரியாது. பக்கத்தில் இருந்து வரும் பலமான சிக்னலைத் தானாகக் கண்டுபிடிக்கும் வசதி இருந்தால் பட்டியல் இல்லாமலே சமாளிக்கலாம். எல்லாவற்றையும்விட முக்கியம் ஹெட்போன். என்ஜின் இரைச்சலில் சாதாரண இயர்போன் எதற்கும் ஆகாது, காதை முழுசாக மூடுகிற கனமான ஹெட்போன்தான் வேண்டும். கருவிக்கு யோசிக்காமல் பணத்தைக் கொட்டிவிட்டு ஹெட்போனில் சிக்கனம் பிடிப்பவர்கள் ஒன்றும் கேட்காமல் தலைவலியோடு வீட்டுக்குப் போவார்கள்.

அங்கேயும் எல்லாவற்றையும் கேட்க விடுவதில்லை. செல்போன் பேச்சைப் பிடிக்கும் ஸ்கேனர்களைத் தயாரிப்பதும் இறக்குமதி செய்வதும் 1994இல் தடை செய்யப்பட்டன.

இந்தியாவில் கதையே வேறு. 1933இல் வெள்ளைக்காரன் போட்ட இந்தியக் கம்பியில்லாத் தந்திச் சட்டப்படி, அனுமதி இல்லாமல் இந்த மாதிரிக் கருவியை வைத்திருப்பதே குற்றம். தபால் ஆபீஸில் 15 ரூபாய் கட்டியதும் இந்தச் சட்டத்தின் ஒரு கிளைதான். எல்லோருக்கும் ஒலிபரப்பாவதைக் கேட்கும் ரேடியோவுக்கு அந்தக் கட்டுப்பாடு போய்விட்டது. மற்றதற்குப் போகவில்லை. பழைய சட்டத்துக்குப் பதிலாக 2023இல் தொலைத்தொடர்புச் சட்டம் நிறைவேறியது, அதிலும் ரேடியோ கருவிக்கு அரசின் அங்கீகாரம் வேண்டும் என்பது தொடர்கிறது. விதிவிலக்குத் தருவது அரசின் கையில். 2025இல் அனுமதி விவரம் எதுவும் சொல்லாமல் வாக்கி-டாக்கி விற்ற ஆன்லைன் தளங்களுக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் நோட்டீஸ் அனுப்பியது. ஆகவே இணையத்தில் ஸ்கேனர் கண்ணில் பட்டது, விலையும் மலிவு என்று ஆர்டர் போடுவதற்கு முன்னால் இரண்டு தடவை யோசிப்பது நல்லது.

ஆடித்தபசு அன்று சங்கரன்கோவில் தெருக்களில் போலீஸ்காரர்கள் கையில் வாக்கி-டாக்கி கரகரப்பதைப் பார்த்தவர்களுக்கு அதன் மறுபக்கமும் புரியும். அவ்வளவு கூட்டத்தில் போலீஸ் பேசிக்கொள்ளும் ஒரு வார்த்தையை யாராவது பாதி கேட்டுவிட்டு "அங்கே என்னமோ ஆயிடுச்சாம்" என்று கிளப்பிவிட்டால் போதும், நெரிசலுக்கு வேறு காரணமே தேவையில்லை. பம்பாயில் நடந்ததும் கிட்டத்தட்ட அதுதானே. அதற்காக, கார் டிரைவர் டயரைப் பற்றிப் புலம்புவதையும் போலீஸ் பேச்சையும் ஒரே தராசில் போடுவது நியாயம் என்று சொல்லிவிட முடியாது. போட்டி நடத்துகிறவர்களே விரும்பிக் கேட்கவிடும் பேச்சுக்குத் தனியாக ஒரு வழி வைத்திருக்கலாம். இந்தியாவில் அப்படி யாரும் கேட்டுப் போராடியதாகத் தெரியவில்லை, கிரிக்கெட்டில் கேட்பதற்கு அதிகம் இல்லை என்பதும் ஒரு காரணம்.

அதிகம் இல்லை என்றாலும் கொஞ்சம் இருந்தது. 1999 மே 15, இங்கிலாந்தின் ஹோவ் மைதானத்தில் உலகக் கோப்பையில் இந்தியாவும் தென்னாப்பிரிக்காவும் மோதின. தென்னாப்பிரிக்க கேப்டன் ஹன்சி குரோனியே காதில் ஒரு சின்னக் கருவியோடு ஃபீல்டிங் செய்தார். மறுமுனையில் கோச் பாப் வூல்மர். உள்ளே இருந்தபடியே கேப்டனுக்கு யோசனை சொல்லிக்கொண்டிருந்தார். ஆட்டத்தின் நடுவிலேயே மேட்ச் ரெஃப்ரி தலத் அலி அதைக் கழற்றச் சொல்லிவிட்டார். தென்னாப்பிரிக்கா 4 விக்கெட்டில் ஜெயித்தது. விதிப்புத்தகத்தில் அதைத் தடுக்க ஒரு வரியும் இல்லை என்பது வூல்மரின் கட்சி. தொழில்நுட்பம் எப்போதும் விதிப்புத்தகத்துக்கு ஒரு அடி முன்னால்தான் போகிறது.

நடுவர்களுக்கு மட்டும் கருவி தங்கிவிட்டது. 1992 நவம்பரில் டர்பனில் மூன்றாம் நடுவர் முறை வந்தது, அதில் முதலில் அவுட் ஆனவர் சச்சின். பிராபோர்னில் வெளியே நடந்த அதே வெங்கட்ராகவன் 1993 முதல் 2004 வரை 73 டெஸ்ட்களில் நடுவராக நின்றார். சந்தேகம் வந்தால் கேட்க அவருக்கு மேலே ஓர் அறையும், கையில் ஒரு வாக்கி-டாக்கியும் இருந்தன. 1969இல் ஷாம்பு பானுக்கு இரண்டும் இல்லை. இன்றைக்கு மூன்றாம் நடுவர் பேசுவதை டி.வி. பார்ப்பவர்கள் வரிக்கு வரி கேட்கிறார்கள். காசு கொடுத்து கேலரியில் உட்கார்ந்திருப்பவர் பெரிய திரையில் படத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருக்கிறார்.

செல்போன் இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது, ஆனால் இணையம் வழியாக வரும் வர்ணனை பல நொடிகள், சில சமயம் அரை நிமிடம்கூடப் பிந்தி வரும். கண்முன்னால் சிக்ஸர் போய் விழுந்து, ஜனங்கள் கத்தி அடங்கிய பிறகு காதில் "பந்துவீச ஓடி வருகிறார்" என்று கேட்டால் யாருக்கு லாபம்? மைதானத்தில் இன்னும் பழைய ரேடியோதான் முந்துகிறது. புதிய போன்கள் பலவற்றில் எஃப்.எம். காணாமல் போய், அதைத் திரும்ப வையுங்கள் என்று 2023இல் மத்திய அரசே தயாரிப்பாளர்களுக்கு அறிவுறுத்த வேண்டி வந்தது.

எனவே பொதிகை எக்ஸ்பிரஸில் ராத்திரி ஏறி மறுநாள் சேப்பாக்கம் போகிற சங்கரன்கோவில் ரசிகர் ஒரு ரேடியோ வாங்குவதென்றால், எஃப்.எம்., மீடியம் வேவ் இரண்டும் உள்ளதாகப் பார்த்து வாங்கலாம். எஃப்.எம்.முக்கு இயர்போன் ஒயர்தான் ஏரியல், அதைச் சுருட்டிவைக்காமல் தொங்கவிட வேண்டும். மீடியம் வேவில் பெட்டிக்குள் இருக்கும் ஃபெரைட் குச்சிதான் ஏரியல், பெட்டியை மெல்லத் திருப்பிப் பார்த்தால் ஒரு பக்கம் தெளிவாகக் கேட்கும். இரும்புக் கூரைக்குக் கீழே அதுவும் மங்கும். அன்றைய போட்டிக்கு வானொலி வர்ணனை உண்டா என்று முந்தின நாளே பார்த்துக்கொள்வது அவசியம். பெரிய போட்டிகளில் உள்ளே கொண்டுபோகக் கூடாத பொருட்கள் பட்டியலில் ரேடியோவும் இருப்பதுண்டு, அதனால் டிக்கெட்டின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருப்பதை ரயிலிலேயே படித்துவிடலாம். வாசலில் போலீஸ்காரரிடம் வாதம் செய்துகொண்டிருந்தால் முதல் ஓவர் போய்விடும்.